யாரும் தொடாத முழங்கால்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில், ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்று வாழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மட்டும் எதிரெதிர் அணியில் கால்பந்து ஆடினார்கள்.

அண்ணிக்குப் பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை. கிடங்கு அணியின் வலது ஓரத்தில் ஆடுவாள். பந்து காலில் பட்டதும் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்புவாள். எதிராளி எந்தப் பக்கம் ஓடுவதென்று முழிப்பதற்குள் பத்தடி தாண்டிப் போயிருப்பாள். அதனால் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நாத்தனார் பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவில் இருந்தாள். அவள் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரி. அவளைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் கதவு என்று கூப்பிட்டார்கள். இரண்டு பட்டப்பெயர்களும் மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டன.

நடுவில் மாட்டிக்கொண்டவன், ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். ஆட்டத்துக்குப் போனால் நடுக்கோட்டுக்கு நேராக உட்காருவான். எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் ஒரே அளவில் கைதட்டுவான். அப்படியும் வீடு திரும்பியதும் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வான். அவனுடைய அம்மாவுக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. வாசல் கதவைத் திறக்கும்போதே, "யாருக்கும் அடிபடலையே?" என்று மட்டும் கேட்பாள். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டால் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை.

மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. புல் ஆங்காங்கே காய்ந்து, நடுவே மண் இறுகி, நடந்தாலே குதிகால் வலிக்கும் தரை. பம்பரம் காலை ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை பார்த்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடி வந்திருந்தாள். ஆட்டம் முடியும் நேரம். ஒன்றுக்கு ஒன்று. பின்னாலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. பம்பரம் ஓடிப்போய் எம்பி, தொடையில் வாங்கி, காற்றிலேயே கோல் பக்கம் உடம்பைத் திருப்பினாள். வலது கால் தரையைத் தொட்டது. ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது. உடம்பு மட்டும் சுழன்றது. அதே நேரத்தில் பந்தை எடுக்கக் கதவு காலை நீட்டிக்கொண்டு வந்தாள். புழுதி எழுந்தது.

"டப்" என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

பம்பரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு புரண்டாள். "உதைச்சிட்டா! என்னை உதைச்சிட்டா!"

கதவு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். "அண்ணி, நான் தொடவே இல்ல. சத்தியமா தொடல."

நடுவர் தவறு என்று விசில் ஊதவில்லை. ஆனால் கிடங்கு அணிப் பெண்கள் கதவைச் சுற்றி நின்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். "சொந்த அண்ணியவே இப்படிப் பண்றியே, நீயெல்லாம் மனுஷிதானா?" நடுக்கோட்டிலிருந்து ஓடிவந்த லிஃப்ட் மெக்கானிக்கால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புழுதியில் அவனுக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள்தான்.

பம்பரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்ச நேரம் ஆட்டம் நடந்தது. பிஸ்கட் அணியின் பயிற்சியாளர், "நீ உன் இடத்துல நில்லு, அங்க பார்க்க ஆள் இருக்கு" என்று அதட்டியதால் கதவு தன் இடத்தில் நின்றாள். கடைசி நிமிடத்தில் அவர்கள் ஜெயித்தும் விட்டார்கள்.

பம்பரத்துக்கு முழங்கால் வலியை விட, நாத்தனார் கூட வராமல் நின்று ஆடியது அதிகமாக வலித்தது.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டை ஓட வைப்பவன், தன் பெண்டாட்டியை முதுகில் சுமந்துகொண்டு படியேறினான். கீழ் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உன் வீட்டுக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்றார். அவனுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

மாமியார் மருமகள் பக்கம் நின்றுவிட்டாள். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. முக்கியமாக அவளுடைய மகள்.

"நாத்தனார்னா முட்டியை உடைக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நான் அவங்க மேல படவே இல்லம்மா."

"அப்ப அவ காத்துல உடைச்சுக்கிட்டாளா?"



ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறப் படத்தைக் காட்டினார். "முட்டிக்குள்ள குறுக்கும் நெடுக்குமா ரெண்டு ஜவ்வு இருக்கு. மேல் காலையும் கீழ் காலையும் சேர்த்துப் பிடிச்சு வைக்கிறது அதுதான். முன்னால இருக்கிறது முழுசா அறுந்து போயிருக்கு. உங்களுக்கு ஆடணும்னு ஆசை இருந்தா ஆபரேஷன் பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி வீக்கம் வடியணும், கால் முழுசா நீளணும். பிசியோதெரபிக்குப் போங்க."

"எப்ப ஆடலாம் டாக்டர்?"

"ஒரு வருஷம்னு மனசுல வச்சுக்குங்க. சீக்கிரம் ஆனா சந்தோஷப்பட்டுக்கலாம்."

பம்பரம் வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரே ஒருத்தியிடம் மட்டும் பேசவில்லை.

சின்ன வீட்டில் பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. "ஏங்க, உங்க தங்கச்சியை அந்தத் தண்ணி பாட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்க" என்பாள் பம்பரம். தங்கச்சி கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். அண்ணன் வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வெளியே ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நின்று, "ஏய், பாட்டிலை நகர்த்து" என்பான். "நகர்த்திட்டேன்னு சொல்லு" என்பாள் கதவு. அவன் திரும்பிப் பார்த்து, "நகர்த்திட்டாளாம்" என்பான்.

கதவு வேலைக்குப் போகுமுன் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போவாள். வந்ததும் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்வாள். புழுதி படிந்த ஜெர்ஸியைத் துவைத்து மடித்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். பம்பரம் அதைத் தொடவில்லை. "செய்யறதையும் செஞ்சுட்டு இப்ப சேவை வேற" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கதவுக்குக் கேட்டது. அவள் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள்.

பிசியோதெரபிக்கு முதல் நாள் கணவன் கூட்டிப்போவதாக இருந்தான். கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "நீ கூட்டிட்டுப் போ" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டு பெண்களும் டாக்ஸியில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. மூலையில் நகராத சைக்கிள். கொக்கிகளில் பச்சையும் சிவப்புமாக ரப்பர் பட்டைகள் தொங்கின. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. பிசியோதெரபிஸ்ட் குள்ளமான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடுகிறவள். பம்பரத்தின் காலைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"இதே கால்ல முன்னாடி ஏதாவது அடி?"

"போன வருஷம் கணுக்கால் சுளுக்கிச்சு மேடம்."

"எத்தனை நாள் ஓய்வு?"

"வீக்கம் வடிஞ்சதும் கட்டுப் போட்டுக்கிட்டு இறங்கிட்டேன். முக்கியமான ஆட்டம்."

"எல்லா ஆட்டமும் முக்கியமான ஆட்டம்தான். அதுக்கப்புறம் ஒத்தைக் கால்ல நின்னு பழகினியா?"

"அதெல்லாம் யாரும் சொல்லல."

"ம். என்ன ஷூ போட்டிருந்தே?"

பம்பரம் சொன்னாள். மழைக்காலத்தில் வழுக்காமல் இருக்க வாங்கிய, அடியில் நீளக் குமிழ்கள் வைத்த ஷூ. வேறு ஜோடி இல்லை. காலை ஷிப்ட் முடிந்த கையோடு அதைப் போட்டுக்கொண்டுதான் காய்ந்த மைதானத்தில் இறங்கியதாகச் சொன்னாள்.

"காய்ஞ்ச தரையிலயா? அது ஆணி அடிச்ச மாதிரி பிடிச்சுக்குமே. பாதம் நின்னுடும், உடம்பு திரும்பிடும், நடுவுல முட்டி என்ன பண்ணும்?" அவள் காலைக் கீழே வைத்தாள். "ஆட்டத்துக்கு முன்னாடி உடம்பைச் சூடாக்க என்ன பண்ணுவீங்க?"

"மைதானத்தை ரெண்டு சுத்து ஓடுவோம்."

"அவ்வளவுதானா?"

பம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், இதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? நான் சும்மா விழல. உதைச்ச ஆளு இதோ உங்க முன்னாடியே உட்கார்ந்திருக்கு."

நாற்காலியில் இருந்த கதவு தலையைக் குனிந்துகொண்டாள்.

பிசியோதெரபிஸ்ட் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மூக்கில் இறக்கிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் அங்க இல்ல. நான் ரெஃப்ரியும் இல்ல. உங்க சண்டை எனக்கு வேண்டாம்" என்றாள். பிறகு கதவிடம், "நீயும் ஆடறவளா? எங்க, வா. இந்தப் பெட்டி மேல ஏறிக் குதி. பந்துக்கு எம்பிட்டு இறங்கற மாதிரி, கீழே வந்ததும் ஒருதடவை மேல எம்பணும்" என்றாள்.

கதவு ஏறினாள், குதித்தாள், எம்பினாள். நன்றாகத்தான் குதித்தாள் என்று பம்பரத்துக்குத் தோன்றியது.

"மறுபடி குதி. நீ அவ முகத்தைப் பார்க்காதே, முட்டியை மட்டும் பாரு."

கதவு மறுபடி குதித்தாள். பாதங்கள் அகலமாகத் தரையில் பட்டன. ஆனால் இரண்டு முழங்கால்களும் உள்பக்கமாகச் சாய்ந்து, ஒன்றையொன்று முட்டுவது போல நெருங்கிவிட்டு, அப்புறம் பிரிந்தன. காலும் விறைப்பாக இருந்தது, மடங்கவே இல்லை.

"இப்ப ஒத்தைக் கால்ல. வலது கால். இறங்கும்போது கண்ணாடி பக்கம் திரும்பு."

கதவு இறங்கினாள். பாதம் நின்றது. உடம்பு திரும்பியது. முழங்கால் உள்ளே விழுந்து நடுங்கியது.

"ஏய்! பார்த்துடி!"

பம்பரம் ஊன்றுகோலை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். ஊன்றுகோல் தரையில் விழுந்து கிடந்தது. கதவு கீழே விழவில்லை. தடுமாறி, பெட்டியைப் பிடித்து நின்றுகொண்டாள். அவளைச் சுற்றி எட்டடிக்கு யாரும் இல்லை.



"என்னோடதும் இப்படித்தான் போச்சா மேடம்?" என்று பம்பரம் கேட்டாள்.

"இருக்கலாம். நான் பார்க்கல, அதனால இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஜவ்வு அறுந்து வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. குதிச்சு இறங்கும்போது, ஓடிட்டே சட்டுன்னு திரும்பும்போது போயிடும். அது அறுந்து போற வேகத்துக்கு, யாரோ பின்னாடி நின்னு உதைச்ச மாதிரியே இருக்கும். நிறைய பேர் திரும்பித் தேடுவாங்க, எவன்டா உதைச்சதுன்னு."

பம்பரம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப தப்பு என் மேலயா?"

"தப்புன்னு யாரு சொன்னா?" பிசியோதெரபிஸ்ட் ஊன்றுகோலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "பழைய சுளுக்கு இருந்துச்சு, தரை காய்ஞ்சிருந்துச்சு, வேலை முடிஞ்ச கையோட வந்து நின்னே. குதிச்சு இறங்க யாரும் சொல்லித் தரல. இதுல ஒண்ணு குறைஞ்சிருந்தாக்கூட நீ எழுந்து போய் கோல் போட்டிருக்கலாம். எல்லாம் இருந்தும் ஒண்ணும் ஆகாம ஆடிட்டுப் போறவங்களும் இருக்காங்க. இதுல யாரைப் பிடிச்சு ஜெயில்ல போடுவே?"

"பொண்ணுங்களுக்குத்தான் அதிகமா ஆகும்னு எங்க டீம்ல சொல்வாங்க. நிஜமா?" என்று கதவு மெதுவாகக் கேட்டாள்.

"நிஜம்தான். ஏன்னு கேட்டா இடுப்பு எலும்பும்பாங்க, ஹார்மோனும்பாங்க. இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க, முடிவா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு. பசங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து ஓடவும் விழவும் பழக்கிவிட ஆள் இருக்கு. உங்க கையில பந்தைக் கொடுத்து, போய் ஆடுங்கன்னு விட்டுடறாங்க. எலும்பை மாத்த முடியாது. குதிக்கிறதை மாத்தலாம்."

வெளியே டாக்ஸிக்காக நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. பம்பரம் ஒரு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீ எனக்கு முன்னாடிதானே வந்தே?" என்றாள்.

அவள் நேராகத் தன்னிடம் பேசியதே கதவுக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. "ஆமா அண்ணி. உங்க முகத்துக்கு நேரா."

"எனக்கு அடி விழுந்தது பின்னாலேர்ந்து."

கதவு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் அண்ணி. உங்க டீம் கத்தினதுல யாருக்குக் கேட்டுச்சு? அப்புறம் அம்மா, நீங்க, எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நமக்குத் தெரியாம கால் பட்டிருக்குமோன்னு. தினமும் அதையே யோசிச்சுப் பார்ப்பேன். ஒருநாள் பட்ட மாதிரி இருக்கும், ஒருநாள் படாத மாதிரி இருக்கும்." அவள் குரல் உடைந்தது. "ஆனா ஆட்டத்தை விட்டுட்டு உங்ககூட வந்திருக்கணும். கோச் கத்தினார்னு நின்னுட்டேன். அது தப்புதான்."

"அது தப்புதான்" என்றாள் பம்பரம். பிறகு ஊன்றுகோலை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறு கையை நாத்தனாரின் தோளில் போட்டாள். "சரி, பிடி. நிக்க முடியல."

அன்று மாமியார் வழக்கம்போல மகளைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்ததும், மருமகள், "அத்தை, போதும். இவ என்னை ஒண்ணும் பண்ணல. நானேதான் விழுந்தேன்" என்றாள். மாமியார் இரண்டு பேரையும் உற்றுப் பார்த்தாள். "இத்தனை நாள் நான் திட்டினதெல்லாம் வீணா?" என்று கேட்டுவிட்டு, மகளின் தட்டில் கேட்காமலேயே இரண்டாம் முறை பரிமாறினாள்.

ஆனால் பம்பரத்துக்கு அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. உள்ளே மடிந்து நடுங்கிய அந்த முழங்கால் கண்ணிலேயே நின்றது. பிஸ்கட் அணிக்கு அடுத்த ஞாயிறு அரையிறுதி. "குதிக்கப் பழகாம நீ இறங்கக் கூடாது" என்றாள்.

"கோச் ஒத்துக்க மாட்டார் அண்ணி."

"நான் பேசறேன்."

பயிற்சியாளர், தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். ஊன்றுகோலோடு மைதானத்துக்குள் நுழைந்த எதிரணி ஆட்டக்காரியைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது.

"எங்க பொண்ணுங்களை ஆட்டத்துக்கு முன்னாடியே குதிக்க வச்சுக் களைப்பாக்கறதுக்கா? நல்ல திட்டமா இருக்கே, யாரு சொல்லிக் கொடுத்தா?"

"சார், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்த பெஞ்ச் மேலேர்ந்து எல்லாரையும் ஒருதடவை குதிக்கச் சொல்லுங்க. எதிர்ல நின்னு முட்டியை மட்டும் பாருங்க. சரியா இருந்தா நான் போயிடறேன்."

அவர் வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார். பெண்கள் சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். பாதிப் பேர் தாண்டுவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. பெரும்பாலான முழங்கால்கள் உள்ளே போய்வந்தன. பயிற்சியாளர் பம்பரத்தின் வீங்கிய காலைப் பார்த்தார், தன் ஆட்டக்காரிகளின் கால்களைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பயிற்சிக்கு முன்னாடி தினம் இருபது நிமிஷம் சார்."

"அஞ்சு."

"பதினஞ்சாவது கொடுங்க."

"பத்து. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

"பதினஞ்சு சார். உங்க பொண்ணுங்க முட்டி சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு பதினைந்துக்கு வந்தார். பம்பரம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னாள். முழங்கால் கால்விரல்களுக்கு நேராக இருக்கட்டும். இடுப்பை இறக்கி, சத்தம் வராமல் இறங்குங்கள். ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடியுங்கள். கதவு வேறொருத்தியிடம் சின்னக் குமிழ் வைத்த ஷூவைக் கடன் வாங்கிக்கொண்டாள். அரையிறுதியில் ஜெயித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சந்தோஷமாகப் போய்ச் சொன்னபோது பிசியோதெரபிஸ்ட், "அதனாலதான் தப்பிச்சாங்கன்னு சொல்லாதே. ஒரு ஆட்டத்துல அது தெரியாது. வருஷக்கணக்கா பண்ணினாத்தான் பலன்" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடையின் பின்னாலிருந்து ஒரு நார் எடுத்து முழங்காலுக்குள் பொருத்தியிருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது தன் காலைப் பார்த்துப் பம்பரம் அழுதுவிட்டாள். அவ்வளவு மெலிந்து, யாருடைய காலையோ தனக்கு மாட்டிவிட்டது மாதிரி இருந்தது. "இது என் கால் இல்லைங்க" என்றாள். கணவன் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நகத்துல நீ பூசின சாயம்தானே இது? உன் கால்தான்" என்றான்.

மாதங்கள் போயின. காலை நீட்டுவது, மடக்குவது, நிற்பது, படி இறங்குவது எல்லாவற்றையும் அவள் முதலிலிருந்து கற்றுக்கொண்டாள். வேலை முடிந்து வந்ததும் கதவும் சேர்ந்துகொள்வாள். கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு பேரும் பயிற்சி செய்வார்கள். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன, வீட்டை இடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "பொண்ணுங்க சத்தம் வராம குதிக்கப் பழகறாங்க" என்றாள் மாமியார். "பழகின மாதிரி தெரியலையே" என்று அவர் இறங்கிப் போனார்.

அடுத்த பருவத்தின் இறுதி ஆட்டத்தில் கிடங்கும் பிஸ்கட்டும் மோதுவதாக முடிவானது. பம்பரம் அப்போது ஓடத் தொடங்கியிருந்தாள். வலி இல்லை. ஆனால் டாக்டர் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தார். கிடங்கு அணித் தலைவி வீட்டுக்கே வந்துவிட்டாள். "கடைசி இருபது நிமிஷம் மட்டும் போதும்ப்பா. நீ நின்னாலே அவங்க பயப்படுவாங்க."

அவள் போன பிறகு பம்பரம் அலமாரியிலிருந்து ஷூவை எடுத்தாள்.

"வேண்டாம் அண்ணி" என்றாள் கதவு. "இப்ப இறங்கினா மறுபடி அறுந்து போற வாய்ப்பு அதிகம். மேடம் எத்தனை தடவை சொன்னாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நேத்து உன்கூடத்தானே ஓடினேன்?"

"நேரா ஓடினீங்க. ஆட்டத்துல திரும்பணும்."

"உனக்கென்ன? நான் இறங்கலைன்னா உன் டீமுக்கு லாபம். அதைச் சொல்லு."

சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. சமையலறையில் மாமியாரின் கரண்டிச் சத்தம் நின்றது. கணவன் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தான்.

கதவின் முகம் சிவந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. "சரி. நீங்க இறங்கினா நான் இறங்க மாட்டேன். நீங்க இறங்கலைன்னாலும் நான் இறங்க மாட்டேன். இப்ப என் டீமுக்கு என்ன லாபம், சொல்லுங்க" என்றாள்.

"பைத்தியமாடி நீ? அது ஃபைனல்!"

"தெரியும்."

"உன் கோச் உன்னைக் கொன்னுடுவார்."

"கொல்லட்டும். போன தடவை அவர் பேச்சைக் கேட்டு நின்னேன். இந்தத் தடவை கேக்க மாட்டேன்."

பம்பரம் ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்துபோய் அதை அலமாரியில் வைத்தாள். "நீ போய் ஆடு. நான் இறங்கல" என்றாள். கதவு கேட்கவில்லை. சொன்னது சொன்னதுதான் என்றாள். அண்ணன் கெஞ்சினான், அம்மா திட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை.

இறுதி ஆட்டத்தன்று இரண்டு பேரும் கிடங்கு அணியின் பெஞ்சுக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள். கதவு இல்லாத பின்வரிசையில் சுலபமாக வழி கிடைத்தது. கிடங்கு மூன்று கோல் போட்டது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு தோழிகள் மைதானத்தைச் சுற்றி ஓடியபோது பம்பரம் கைதட்டினாள். கைதட்டிக்கொண்டே அழுதாள். பிஸ்கட் பயிற்சியாளர் கடந்து போகும்போது கதவின் பக்கம் திரும்பவே இல்லை.

"உன்னைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் பம்பரம்.

"ஆமா. சொல்லியிருக்கக் கூடாது."

"மன்னிச்சுக்கோ."

கதவு ஒரு புல்லைப் பிடுங்கி எறிந்தாள். "கோச் இனிமே என்னைச் சேர்த்துக்கலைன்னா உங்க கிடங்குல வேலை வாங்கிக் கொடுங்க. ஒரே டீம்ல ஆடிக்கலாம்."

"நீ என் டீம்லயா? அப்புறம் உங்க அண்ணன் யாரைப் பார்த்துப் பயப்படுவார்?"

பயிற்சியாளர் சில வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைத் திரும்பக் கூப்பிட்டார். அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

சோதனை நாள் வந்தபோது பம்பரம் ஒற்றைக் காலில் தாண்டினாள், பெட்டியிலிருந்து குதித்தாள், கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினாள். பிசியோதெரபிஸ்ட் இரண்டு கால்களையும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "போ. மெதுவா ஆரம்பி" என்றாள்.

கணவன் வெளியே படிக்கட்டில் காத்திருந்தான். "என்ன சொன்னாங்க?"

"ஆடலாமாம்."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயமா இருக்குங்க. இவ்வளவு நாள் எப்ப எப்பன்னு இருந்துச்சு. இப்ப காலை ஊனவே பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றான். "இன்னைக்கே போகணும்னு இல்லையே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கதவு இப்ப பயிற்சியில இருப்பாளா?"

"ஆறு மணி வரைக்கும் இருப்பா."

"அவகூட கொஞ்சம் பந்து தட்டிப் பார்க்கறேன். சும்மா, நின்ன இடத்துலயே."

"சரி" என்று அவன் எழுந்து கை கொடுத்தான். அவள் கையைப் பிடிக்காமல் எழுந்து, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள்.